வெறுங்கை வீசி வருகிறவள்

குவாத்தமாலா நகரத்து அமெரிக்கத் தூதரக வாசலில், இரு நாட்டு அதிகாரிகள் எல்லைக் காவலுக்காகக் கைகுலுக்கும் சுவரொட்டி மீது காலை வெயில் விழுகிறது. எதிரே சோளக்கஞ்சி விற்றுக்கொண்டு, உள்ளே கொண்டுபோகக் கூடாத பைகளுக்கும் காவலிருக்கும் எனக்கு வம்பெல்லாம் உட்கார்ந்த இடத்துக்கே வரும். விசா கொடுத்தால் பாஸ்போர்ட்டை உள்ளேயே வைத்துக்கொள்வார்கள்; மறுத்தால் திருப்பித் தந்துவிடுவார்கள். எர்மெலிந்தா பாஸ்போர்ட்டும் கையுமாக என் பலகையில் உட்கார்ந்திருக்கிறாள். அவள் கோப்பைக் கஞ்சியில் ஆடை கட்டிவிட்டது. அவளுடைய பக்கத்து வீட்டுத் தொமிதிலா வெறுங்கையை வீசிக்கொண்டு வெளியே வருகிறாள். எர்மெலிந்தாவின் முகம் சுண்டிப்போகிறது.

"வெச்சுக்கிட்டாங்களாடி?"

"ஆமாக்கா. ஒரே கேள்விதான்."

"அழகைப் பாத்துக் குடுத்தாங்களோ? அங்க உனக்கு யாரு இருக்கா? என் புள்ள முகத்தைப் பாத்து எனக்கு ஒம்பது வருஷம்."

"வயிறு எரியாதக்கா, குடிச்ச கஞ்சி தீஞ்சிடும்."

எர்மெலிந்தா சிரிக்கவில்லை. நான் காத்துவைத்த தன் பையிலிருந்து பூசணி விதைப்பொடிப் பொட்டலத்தை எடுத்து நீட்டுகிறாள். "ஹூஸ்டன்ல அவன் கையிலயே குடுத்துடு."

வாங்கக் கை நீட்டும்போது தொமிதிலாவின் சட்டை மேலேறுகிறது. இடுப்பில் செருகிய பாஸ்போர்ட்டின் நீல முனை தெரிகிறது. நான் பார்த்துவிட்டதை அவளும் பார்த்துவிடுகிறாள். பொட்டலத்தை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, "கண்டிப்பா குடுக்கறேன்க்கா" என்கிறாள். எனக்கு நாக்கு அரிக்கிறது, கஞ்சியைக் கிளறுகிறேன். எர்மெலிந்தாவோ, தன் மகனைத் தொடப்போகும் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.