பேர் எடுத்த கட்டுரை

"என்னோட கட்டுரையைக் குப்பைன்னு எழுதின நாய் எவன்னு எனக்கு இப்பவே தெரியோணும்!"

டாக்டர் சென்னியப்பன் மேசையில் அறைந்த அறையில் கௌசியாவின் டீ தளும்பியது. சேலத்தில் அச்சாகும் மருத்துவர் சங்க இதழுக்கு அவள்தான் மேலாளர். அச்சுக்கூலி, பேப்பர், விளம்பர வசூல் எல்லாம் அவள் தலையில். நாமக்கல்லில் நாலு மாடி ஆஸ்பத்திரி வைத்திருக்கும் இவர் தரும் பின்னட்டை விளம்பரத்தில்தான் இதழுக்குப் பேப்பரே வாங்குகிறாள்.

"பேரைச் சொல்றதுக்கில்லீங்க டாக்டர். வர்ற கட்டுரையில எழுதினவர் பேரை எடுத்துட்டு, முறை வெச்சு ஒரு பெரிய டாக்டருக்குப் படிக்க அனுப்புவோம். எழுதினது யாருன்னு அவருக்குத் தெரியாது, படிச்சது யாருன்னு உங்களுக்குத் தெரியாது. அதானுங்க சட்டம்."

"சட்டம் கெடக்குது! மூணு மாசம் கண்ணு முழிச்சு, வரிக்கு வரி நானே செதுக்கினது. அதைப் போயி, 'எழுதினவன் கோழிக்கு ஊசி போடக்கூட லாயக்கில்லை'ங்கறான். ஏம்மா, சர்க்கரை வியாதியில என்னை மிஞ்சின டாக்டர் இந்தப் பக்கம் எவன் இருக்கான்?"

"யாருமில்லீங்க." மனசாரத்தான் சொன்னாள்.

"அப்பறம்? வைத்தியமும் தெரியாத, எழுத்தும் தெரியாத முட்டாள் அவன்!"

"அப்படிச் சொல்லாதீங்க. பெரிய மனுசருங்க."

"பெரிய மனுசனா? கோழிக்கு ஊசி போடக்கூட லாயக்கில்லாதவன் அவன்தான்! இன்னிக்கே அவனைக் கட்டுரை படிக்கற குழுவுல இருந்து தூக்கோணும். இல்லீன்னா பின்னட்டை விளம்பரத்தை நிறுத்திப்புடுவேன். அப்பறம் உங்க இதழ் பக்கோடா மடிக்கக்கூடத் தேறாது."

கௌசியா தலையைக் குனிந்துகொண்டாள். மண்டியில் மூட்டை தூக்கினவர் மகள் அவள். அதட்டல் ஒன்றும் புதுசில்லை. விளம்பரம் போனால் இந்த மாசம் இதழே வராது என்பதுதான் கவலை.

"வேற வழியே இல்லீங்களா?"

"இல்லை. தூக்கு!"

"சரிங்க, தூக்கியாச்சு." இழுப்பறையைத் திறந்து ஓர் உறையை எடுத்து நீட்டினாள். "படிச்சுத் தீர்ப்புச் சொன்னதுக்கு அவருக்கு ஒரு சன்மானம் உண்டுங்க. கையோட முடிச்சுவிட்டுரலாம்."

"அதை அந்த முட்டாளுக்கு அனுப்பு. என்கிட்ட எதுக்கு நீட்டறே?"

"உங்களுக்குத்தானுங்க டாக்டர். இந்தத் தடவை படிக்கற முறை உங்களுது. வாங்கிக்கிட்டு இதுல ஒரு கையெழுத்து. அப்படியே பின்னட்டை விளம்பரத்துக்கும் ஒண்ணு."