ஒரே சொம்பில்

வாதம் வந்து அப்பாவின் கைகளும் தாடையும் விழுந்த பிறகு, செண்பகவல்லி தன் சம்பளத்தில் ஒரு ஹேண்ட் பிளெண்டர் வாங்கினாள். சோறு, குழம்பு, ரசம், மோர் எல்லாவற்றையும் ஒரே சொம்பில் கொட்டி, அரைக்க பிளெண்டரை உள்ளே இறக்கினாள்.

"தனித்தனியா அரைடி. கலந்து குடுத்தா ஒங்கப்பா தட்டத் தூக்கி வீசிருவாரு," என்றாள் அம்மா.

"எந்தக் கையால?"

செண்பகவல்லி பொத்தானை அழுத்தினாள். மண் நிறத்தில் கூழ் சுழன்றது. சிரிப்பாவது வரும் என்று நினைத்தாள், எதுவும் வரவில்லை.

முதல் கரண்டியை அப்பாவின் வாயில் ஊற்றியதும், பக்கத்தில் நின்றிருந்த அம்மா சட்டென்று முழங்கையை உயர்த்தி முகத்தை மறைத்துக்கொண்டாள். அப்பா மெதுவாக விழுங்கினார். இன்னும் வேண்டும் என்பதுபோல் வாயைத் திறந்தார்.

அம்மாவின் கை இறங்கவில்லை.