கை படாத மீட்டர்

கார் சிவப்பா மஞ்சளா என்று எனக்குச் சரியாக நினைவில்லை. ஸ்போர்ட்ஸ் கார் என்பது மட்டும் நிச்சயம். மீசை முளைத்த நாள் முதல் எங்கள் தெரு மெக்கானிக் கண்ட கனவு அது.

"ஒண்ணரை லட்சம் கிலோமீட்டர் ஓடின கிழத்துக்கு நம்ம சேமிப்பு மொத்தமும் போகணுமா?" என்றாள் மனைவி.

"ஓடினதை மறைக்காம விக்கிறான் பாரு, அதான் நேர்மை. மீட்டர்ல எவனாவது கை வச்சிருந்தா மோந்து பார்த்தே சொல்லிடுவேன்."

வாங்கிய மூன்றாம் நாள் மேம்பாலத்தின் உச்சியில் எஞ்சின் உயிரை விட்டது. வீட்டுக்கு இழுத்து வந்து, சந்தேகத்தோடு மீட்டரைக் கழற்றினார். பின்னால் மடித்த சீட்டு ஒன்று இருந்தது: 'நிஜ ஓட்டம் மூன்று லட்சம். ஒன்றரை லட்சமாகக் குறைத்தது.'

"எந்தப் படுபாவி வேலைங்க இது?"

மெக்கானிக் சீட்டிலிருந்த கையெழுத்தை உற்றுப் பார்த்தார். கேட்டவர்களுக்கெல்லாம் மீட்டரைக் குறைத்துக் கொடுப்பதும், மனசாட்சிக்குப் பயந்து நிஜக் கணக்கை எழுதி உள்ளே செருகுவதும் அவருடைய பல வருஷப் பழக்கம்.

"அவனை எனக்குத் தெரியும்மா. தினமும் காலையில அவனுக்குத்தான் சவரம் பண்றேன்."

விற்றவர் புதுக் கார் வாங்கிவிட்டார். மெக்கானிக் பஸ்ஸில் போகிறார். மனைவி இன்னும் சிரித்து முடிக்கவில்லை.