பாஸ் கொடுக்காத பெண்கள்

"பாஸ் குடும்மா அமுலு! பாஸ்!" என்று கத்திக் கத்தியே, ஏரிக்கரை மீனவ ஊரான தோணிரேவின் பாஸ்கெட்பால் டீம் புதுக் கோச் பூபதிக்குத் தொண்டை கட்டிவிட்டது.

அமுலு தன்னந்தனியாகப் பந்தைத் தட்டிக்கொண்டு ஓடினாள். கூட ஆடும் நால்வரும் ஒதுங்கி நின்று வேடிக்கை பார்த்தார்கள். காட்டூர்ப் பெண்கள் பந்தைப் பிடுங்கிப் பிடுங்கிக் கூடையில் போட்டார்கள்.

இடைவேளையில் பூபதி வெடித்தார்.

"ஏரிக்கரைக் கல்லறையில முந்நூறு வருஷமா தூங்குற டச்சுக்காரன்கூட எழுந்து வந்து பந்தை வாங்கியிருப்பான்! இந்தக் காலத்துப் பொண்ணுங்களுக்கு அடிப்படையே தெரியல. உங்களுக்குள்ள இன்னா சண்டை?"

"சண்டையா?" கேப்டன் வெண்ணிலா திகைத்தாள். "பந்து ஒண்ணு, நாங்க அஞ்சு பேரு. அதான் காலையிலயே சீட்டு குலுக்கிட்டோம் சார். இப்போ அமுலு முறை. ஏரியில ஒருத்தர் முறையில இன்னொருத்தர் வலை போடலாமா? ஊரு பஞ்சாயத்து சும்மா வுடுமா?"

பூபதிக்குக் கோபம் போய்ச் சிரிப்பு பீறிட்டது. "அப்போ காட்டூர்ப் பொண்ணுங்க மட்டும் பூந்து பிடுங்கறாங்களே?"

"அத்தத்தான் சார் நாங்களும் கேக்கறோம்," என்றாள் அமுலு மூச்சிரைக்க. "அவுங்க ஊர்ல பஞ்சாயத்தே கெடையாதா?"