தீராத டேங்க்

"இந்தப் பெட்ரோல் தீர்றதுக்குள்ள வந்துருவேன்" என்று, பேட்டரியிலும் பெட்ரோலிலும் ஓடும் காரின் டேங்கை நிரப்பிவிட்டுக் கப்பல் வேலைக்குப் போனான் டெல்வின். அவனிடமிருந்து அழைப்பு வந்து எட்டு மாதமாகிறது. அவன் மனைவி ரோஸ்லின் தினமும் காருக்குச் சார்ஜ் போட்டு, பேட்டரி தாங்கும் நாற்பது கிலோமீட்டருக்குள்ளேயே ஓட்டினாள். மேம்பாலங்களில் மெதுவாக ஏறினாள். அழுத்தி மிதித்தால் பெட்ரோல் என்ஜின் விழித்துக்கொள்ளும். இன்று மகளைப் பள்ளிக்கு அழைத்துப் போகும்போது திரையில் எழுத்துகள் தோன்றின: 'பெட்ரோல் பழையதாகிவிட்டது. தீரும்வரை என்ஜின் தானாக ஓடும்.' காலடியில் உறுமல் எழுந்தது. நடுச்சாலையிலேயே வண்டியை அணைத்தாள். பின்னால் ஹாரன்கள் அலறின. "யக்கா, இது காரா, கோயில் தேரா?" என்று கத்தினான் ஆட்டோக்காரன். ரோஸ்லினின் விரல் ஸ்டார்ட் பொத்தானுக்குப் போனது. அதற்குள் மகள் பின்கதவைத் திறந்து இறங்கிவிட்டாள். "ஸ்டார்ட் பண்ணாதம்மா," என்றாள். "நான் தள்ளுறேன்."