இஸ்ஸா, ஹேஸ்ஸா?

"குள்ளம். நல்ல தொந்தி. முன் மண்டையில முடியே கிடையாது. மூஞ்சி எப்பவும் கடுகடுன்னு இருக்கும்" என்று மூச்சு வாங்கச் சொன்னாள் அந்த அம்மாள்.

அறிவிப்பு அறையில் இருந்த பெண் பயந்துபோனாள். அந்த நான்கு மாடி மரச்சாமான் கடையில் அவள் வேலைக்குச் சேர்ந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. "கையில ஆயுதம் ஏதாவது வச்சிருக்கானாம்மா?" என்று கேட்டுக்கொண்டே போலீஸுக்குப் போன் போடக் கையை நீட்டினாள்.

"ஆயுதமா? அவர் என் வீட்டுக்காரர்!"

சோபா நிறத்தில் ஆரம்பித்த சண்டை, மாமனார் வீடு வரைக்கும் போயிருக்கிறது. மனிதர் விருட்டென்று எழுந்து நடந்துவிட்டார். இரண்டு மாடி ஏறித் தேடியும் ஆளைக் காணோம்.

"பதினோரு மணிக்குள்ள சர்க்கரை மாத்திரை போட்டாகணும். மாத்திரையும் என் பையில, அவர் போனும் என் பையில. எங்க மயங்கிக் கிடக்காரோ!" அம்மாளின் குரல் உடைந்தது. "பேரைச் சொல்லிக் கூப்பிடேன்மா."

"மைக்ல பேரைச் சொல்லக் கூடாதுன்னு கடையில சட்டம். அடையாளம்தான் சொல்லணும். அதுவும் இங்கிலீஷ்ல. அவருக்கு இங்கிலீஷ் தெரியுமா?"

"அதுலயும் திட்டுவாரு."

பெண் மேஜையில் ஒட்டியிருந்த அட்டையைப் பார்த்தாள். ஆட்களை எப்படி வர்ணிக்க வேண்டும் என்று பயிற்சியில் கொடுத்த அட்டை அது. இடப்பக்கம் சொல்லக் கூடாத வார்த்தைகள், வலப்பக்கம் சொல்ல வேண்டியவை. ஷார்ட் கூடாது, ஆவரேஜ் ஹைட். ஃபேட் கூடாது, வெல் பில்ட். ஓல்ட் என்றால் வேலையே போய்விடும், மெச்சூர். வழுக்கைக்கு ப்ராட் ஃபோர்ஹெட். கடுகடுப்புக்கு ஸ்ட்ராங் ஃபீலிங்ஸ்.

வார்த்தைகள் கிடைத்துவிட்டன. இலக்கணம்தான் உதைத்தது.

"ஆள் எப்படி இருக்கார்னா இஸ். அவர்கிட்ட என்ன இருக்குன்னா ஹேஸ். இந்தத் தொந்தி இஸ்ஸா, ஹேஸ்ஸாம்மா?"

"அவர்கிட்டதான் இருக்கு."

"அப்ப ஹேஸ்."

அம்மாள் ஒரு நிமிஷம் யோசித்தாள். "இல்லம்மா. வீட்டுல பாதி நேரம் தொந்திதான் அவரு."

"அப்ப இஸ்" என்று எழுதிக்கொண்டு பெண் மைக்கை இழுத்தாள்.

"ஹி இஸ் மெச்சூர். ஹி இஸ் வெல் பில்ட். ஹி இஸ் ஆஃப் ஆவரேஜ் ஹைட். ஹி ஹேஸ் எ ப்ராட் ஃபோர்ஹெட் அண்ட் ஸ்ட்ராங் ஃபீலிங்ஸ். ஹிஸ் வைஃப் இஸ் வெயிட்டிங்." நான்கு மாடிக்கும் கேட்கும்படி மூன்று தடவை சொன்னாள்.

ஐந்தாவது நிமிஷம் அறைக்கு வெளியே கூட்டம் சேர்ந்துவிட்டது. அத்தனை பேரும் ஆண்கள், அத்தனை பேரும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார்கள். கண்ணாடிச் சுவரில் பாதிக்கு மேல் மெத்தை விளம்பரம் ஒட்டியிருந்ததால், நாற்காலியில் சரிந்து உட்கார்ந்திருந்த அம்மாளுக்கு வெளியே எதுவும் தெரியவில்லை. கதவைச் சாத்திவிட்டால் சத்தமும் உள்ளே வராது.

பெண் எட்டிப் பார்த்தாள். நல்லவேளை, கடை ஆள் போலிருக்கிறது, ஒருவர் கதவுக்கு முதுகைக் காட்டி, விலைச்சீட்டு தொங்கும் ஸ்டூல் மேல் ஏறி நின்று கூட்டத்தைச் சமாளித்துக்கொண்டிருந்தார்.

"தள்ளாதீங்க! ஒவ்வொருத்தரா! ஹலோ, உங்களுக்கு நெத்தி பத்தாது, போங்க. தம்பி, மெச்சூர்னு சொன்னாங்க, மீசை முளைச்சா மட்டும் போதுமா?"

தொந்தியும் வழுக்கையுமாக ஒருவர் கெஞ்சினார். "சார், வெல் பில்ட்னு சொன்னாங்களே..."

"உங்க வீட்டுல கண்ணாடியே இல்லையா?" என்று அவரைத் திருப்பி அனுப்பினார் ஸ்டூல்காரர்.

தேறியவர்கள் ஒவ்வொருவராக உள்ளே வந்தார்கள். வாட்டசாட்டமான ஒருவர், பரந்த நெற்றியுள்ள ஒருவர், காதோரம் மட்டும் அழகாக நரைத்த ஒருவர். அம்மாள் எல்லோரையும் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்.

ஆறாவது ஆள் உள்ளே வந்ததும், "எனக்கு இன்னும் கல்யாணமே ஆகலங்க. ஆனா அடையாளம் எல்லாம் பொருந்துதே, அதான் வந்தேன்" என்றார்.

அம்மாள் கடிகாரத்தைப் பார்த்தாள். பதினொன்று அடித்து ஏழு நிமிஷம். "ஊர்ல இருக்கிற ஆம்பளைங்க எல்லாம் வந்தாச்சு. அந்த மனுஷன் மட்டும் வரல. நானே போய்த் தேடறேன்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு கதவை வேகமாகத் திறந்தாள்.

திறந்தவள் அப்படியே நின்றாள்.

"என்னங்க!"

ஸ்டூல் மேல் நின்றவர் திரும்பினார். "அடுத்தது யா..." என்று பாதியில் நிறுத்தினார். மெல்லக் கீழே இறங்கினார். தரைக்கு வந்தபோது அந்தப் பெண்ணின் தோள் உயரம்தான் இருந்தார்.

"இவ்வளவு நேரமும் இங்கயேதான் நின்னீங்களா? மைக்ல மூணு தடவை சொன்னாங்களே, காதுல விழலையா?" மாத்திரையை அவர் கையில் திணித்துக்கொண்டே அம்மாள் இரைந்தாள்.

"விழுந்துது. யாரோ பாவம்னு கூட்டத்தைச் சமாளிச்சேன். நான்னு எப்படித் தெரியும்? ஒரு குறைகூடச் சொல்லலையே!"