நாலாவது மரம்

"இனிமே மரம் தர மாட்டேன்மா. ஒரே வருஷத்துல மூணைச் சாகடிச்சிட்டீங்க," என்றார் நர்சரிக்காரர்.

அவள் கைபேசியை மறுபடியும் நீட்டினாள். படத்தில், கிளைகள் தரை வரை தொங்கும் ஓர் ஊசியிலை மரம்.

"இதே உயரம். இதே மாதிரி இடப்பக்கம் சாஞ்சது. இன்னிக்கே வேணும். கெஞ்சிக் கேக்கறேன்."

"அதிகமா ஊத்தினா வேர் அழுகிடும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். யார்தான் ஊத்தறது?"

"அப்பா. ஊத்தினதை மறந்துட்டு, திரும்பத் திரும்ப வாளியைத் தூக்கறார். அம்மா நட்ட மரம்னு நினைப்பு."

"வாளியை ஒளிச்சு வைங்க. இதுக்குப் போயா இவ்வளவு தவிப்பு?"

"ஒளிச்சுப் பார்த்தாச்சு. நேத்து, பட்டுப்போன மரத்தையே பிடுங்கிட்டேன். தண்ணி ஊத்தற வேலை இல்லேன்னா, அம்மா எங்கேன்னு கேக்க ஆரம்பிச்சிடறார்."

"எங்கேன்னு சொல்லிட்டுப் போக வேண்டியதுதானே?"

"சொன்னேன். அம்மா செத்து ரெண்டு வருஷமாச்சுன்னு நேத்து மட்டும் ஆறு தடவை சொன்னேன். ஆறு தடவையும் அப்பதான் முதல்தடவை கேக்கற மாதிரி தலையில அடிச்சுக்கிட்டு அழுதார்."